கை கழுவப் போன ராட்சசன்

கண்ணு,

நேற்று சாயங்காலம் ஃபோனில் நீ அவ்வளவு பாவமாகக் கேட்டாய், நானோ பதில் சொல்லாமல் சிரித்துத் தொலைத்தேன். கோபித்துக்கொள்ளாதே. “உடுமலையில கார் ஏறுனதுல இருந்து பீளமேடு வந்து சேர்ற வரைக்கும் இனியா வலது கையைக் கெட்டியா மூடிட்டே வந்தாளுங்கம்மா. ரெஜினா கேட்டும் தொறக்கலை. வழியில முறுக்கு வாங்கிக் குடுத்தா, அதையும் இடது கையிலதான் தின்னா. என்ற மேல என்ன கோவம்னே தெரியலீங்கம்மா” என்று நீ சொன்னதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. பக்கத்தில் உங்கப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு “என்ன, என்ன” என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஆனைமலை வரைக்கும் செய்தி போய்விடும். அதனால்தான் “அப்பறம் சொல்றேன் சாமி” என்று வைத்துவிட்டேன்.

அந்த அப்புறம்தான் இந்தக் கடிதம். மறுபடி ஃபோனே செய்யலாம்தான். ஆனால் ஃபோனில் நீ “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்பாய், பாதியில் மீட்டிங் என்று ஓடுவாய். இது பாதியில் விடுகிற சங்கதி இல்லை. கல்யாணத்துக்கோ இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. கல்யாண வீட்டில் தாயும் மகனும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும் என்றா நினைக்கிறாய்? பந்திக்கு இலை வந்ததா, ரசத்துக்கு உப்பு போட்டார்களா, வந்த ஒறம்பரைச் சனத்துக்குப் படுக்கப் பாய் கிடைத்ததா என்று பார்க்கவே எனக்குப் பொழுது போய்விடும். ஆகையால் இப்போதே எழுதிவிடுகிறேன். உங்கப்பா எட்டிப் பார்த்து என்ன எழுதுகிறாய் என்றார். மளிகைக்குச் சாமான் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டார், பாவம்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ரெஜினா உன்னை விரும்பி வருகிறாள், அவளைப் பற்றி உனக்கு ஒரு கவலையும் இல்லை. அவள் மகள் இனியாதான் உன் கவலை. அப்பனைப் பறிகொடுத்த ஏழு வயதுப் பிள்ளை. நீ பொம்மை கொடுத்தாய், வாங்கி மூலையில் வைத்தாள். ஐஸ்கிரீம் கொடுத்தாய், ஒழுகாமல் தின்றாள். ஆனால் இன்றுவரை உன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. “அவரை அந்தப் பக்கம் தள்ளி உக்காரச் சொல்லும்மா” என்று எல்லாம் அம்மா வழியாகத்தான். அடுத்த வாரத்திலிருந்து மூன்று பேரும் ஒரே வீடு. “அவ என்கிட்டப் பேசவே இல்லீன்னா நான் என்னங்கம்மா பண்ணுவேன்?” என்று போன மாதம் நீ கேட்டபோது உன் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. ஆபீசில் அத்தனை பேரை மேய்க்கிற ஆள், ஒரு பொடுசுக்கு இப்படி நடுங்குகிறாய்.

அப்புறம் அந்தப் புத்தகக் கூத்து. தேவதைக் கதை வேண்டும் என்று அவள் அம்மாவிடம் கேட்டாள் என்று, நீ ஓடிப்போய்ப் படம் போட்ட பெரிய புத்தகமாகப் பார்த்து வாங்கி வந்தாய். உட்கார்ந்து சத்தமாகப் படித்தாய். எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. ஒரு கதையில் ஒரு பெண்ணின் அம்மா இரண்டாவதாக ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள், அவன் பொல்லாதவன் என்று வந்ததும் உனக்கு வேர்த்துவிட்டது. சட்டென்று அவனை வீட்டு ஓனர் ஆக்கிவிட்டாய். வீட்டு ஓனர் எதற்கு அந்தப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பப் போகிறான்? வாடகையைத்தான் ஏற்றுவான். இனியா எழுந்து போய்விட்டாள். “தேவதைக் கதைதானுங்களே கேட்டா? அதைத்தானுங்களே படிச்சேன்?” என்று என்னிடம் கேட்டாய். இல்லை கண்ணு. அந்தப் பொல்லாதவனை நீ எடுத்த நிமிஷமே அது தேவதைக் கதை இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? இதே தப்பை உனக்கு நான் செய்திருக்கிறேன். நீ மறந்துவிட்டாய்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனாலும் கதையைப் பற்றி எனக்கு நாலு விஷயம் தெரியும். பேய்க்கதை சொல்கிறவர்களைக் கவனித்திருக்கிறாயா? முதலில் அட்ரஸ்தான் வரும். “அமராவதி டேமுக்குப் போற வழியில, அந்தப் பெரிய புளியமரம் இருக்குதல்லங்க, நம்ம கண்ணப்பன் மச்சான் டிவிஎஸ்ல வந்துட்டு இருக்கறாரு…” என்று ஆரம்பிப்பார்கள். மச்சான் பெயர், வண்டி, மரம் எல்லாம் சரியாக இருந்தால்தான் பயம் வரும். மாசாணியம்மன் கதையோ வேறு. அந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தவள் நான், அதை நான் கதை என்று சொல்ல மாட்டேன். அங்கே கை கூப்ப வேண்டும். ரெஜினா சர்ச்சில் கேட்டு வந்து சொல்கிறாளே, அதுவும் அந்தக் கணக்குத்தான். தேவதைக் கதைக்கு அட்ரஸும் கிடையாது, கை கூப்பவும் வேண்டாம். ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பொண்ணு, அவ்வளவுதான். எந்த ஊர் என்று கேட்டால் கதை சொல்கிறவருக்கே தெரியாது. அந்தப் பொண்ணிடம் ஒரு கீரிப்பிள்ளை வந்து “நல்லா இருக்கறீங்களாங்க?” என்று கேட்டால் அவள் அலறிக்கொண்டு ஓட மாட்டாள். “நல்லா இருக்கறனுங்க, நீங்க?” என்பாள். யாருக்கும் ஆச்சரியமே இல்லை பார், அங்கேதான் அது தேவதைக் கதை ஆகிறது. மற்றபடி தேவதை வந்துதான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை. நான் உனக்குச் சொன்ன எதிலும் ஒரு தேவதைகூட வந்ததில்லை. கீரிப்பிள்ளையை வைத்துத்தான் ஓட்டினேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஆறு வயது. உன்னைப் பெற்ற அம்மா பாக்கியம் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனைமலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் தோட்டத்துக் கூலிதான். உங்கப்பா தேங்காய் லோடு ஏற்ற வந்த இடத்தில் எங்கண்ணன் பார்த்துப் பேசி முடித்தான். வந்து இறங்கியதும் அக்கம்பக்கம் எல்லாம் உன்னை என் முன்னால் தள்ளி, “சின்னம்மான்னு கூப்புடு சாமி, சின்னம்மான்னு கூப்புடு” என்றார்கள். நீ வாயே திறக்கவில்லை. எனக்கு அப்போது புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, உன் பெரியப்பா பிள்ளைகள் உனக்குக் கதை கதையாகச் சொல்லி வைத்திருந்தார்கள். சின்னம்மா என்றால் சோறு போட மாட்டாள், சூடு போடுவாள், காட்டுக்கு அனுப்புவாள். அப்படிப்பட்டவளை முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிடுவது மரியாதை இல்லையே என்று நினைத்தாயோ என்னவோ, நீ எனக்கு ஒரு பெயர் வைத்தாய். “ஏனுங்க.”

“ஏனுங்க, சோறு போடறீங்களாங்க?” “ஏனுங்க, பட்டன் பிஞ்சுபோச்சுங்க.” ஊரில் பெண்டாட்டிதான் புருஷனை அப்படிக் கூப்பிடுவாள். நீ என்னைக் கூப்பிட்டாய். நானும் புதுசுதானே, உன்னை எப்படிப் பேசுவது என்று தெரியாமல் “வாங்க சாமி, உக்காருங்க, இன்னுங்கொஞ்சம் வெக்கட்டுங்களா?” என்பேன். உங்கப்பா நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார். “ரெண்டு சம்பந்திக பேசிக்கற மாதிரி இருக்குது” என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது கண்ணு. ராத்திரியெல்லாம் இந்தப் பிள்ளை என்னை எப்போது அம்மா என்று கூப்பிடும் என்று யோசித்துக்கொண்டு கிடப்பேன். இப்போது நீ யோசிக்கிறாயே, அதே மாதிரிதான்.

உங்கப்பா லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப நாலைந்து நாள் ஆகும். நான் கொப்பரைக் களத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். உடைத்த தேங்காய் மூடியை வெயிலில் பரப்பி, காக்காய் விரட்டி, திருப்பிப் போட்டு, காய்ந்ததும் ஓட்டிலிருந்து பருப்பைக் கழற்றுகிற வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நீ நேராகக் களத்துக்கு வருவாய். சாக்கு அடுக்கியிருக்கும் இடத்தில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாய். கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். பக்கத்தில் என்னோடு பருப்புக் கழற்றுகிறவள் சரசக்கா. கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. ஒருநாள் பேச்சு தீர்ந்துபோய், “அம்மணி, ஒரு கதையாவது சொல்லு” என்றாள். உனக்குச் சொன்னால் நீ கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் சரசக்காவுக்குச் சொல்கிற மாதிரி, உன் முதுகுக்குச் சொன்னேன்.

நம் பக்கத்தில் கதை கேட்கிறவர் ம் கொட்ட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ம். கொட்டாவிட்டால் சொல்கிறவர் நிறுத்திவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. சரசக்காவும் நன்றாகத்தான் கொட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் வெற்றிலையைப் போட்டு அதக்கிக்கொண்டாள். வாய் நிறையச் சாறு, ம் சொல்ல முடியவில்லை. நான் நிறுத்திவிட்டேன். அந்தப் பொண்ணு காட்டு வழியில் நின்றுகொண்டிருக்கிறாள், எதிரில் கீரிப்பிள்ளை வாயைத் திறந்துவிட்டது, கதை அப்படியே நிற்கிறது. களத்தில் சத்தமே இல்லை. அப்போது சாக்கு மூட்டைப் பக்கமிருந்து சின்னதாக ஒன்று கேட்டது. “ம்.”

சரசக்கா என்னைப் பார்த்தாள், நான் சரசக்காவைப் பார்த்தேன். அவள் வெற்றிலையைத் துப்பவே இல்லை, புண்ணியவதி. நான் குரலை மாற்றாமல் கதையைத் தொடர்ந்தேன். அந்த ஒரு ம்முக்கு எனக்கு அன்று எத்தனை சந்தோஷம் என்று உனக்குச் சொல்லி முடியாது. அந்தப் பருப்பு எப்படிக் கழன்றது, கத்தி எங்கே போனது, ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள்தான் தப்புச் செய்தேன். இந்தப் பொண்ணு எதற்குக் காட்டுக்கு வந்தாள் என்று சொல்ல வேண்டிய இடம். சின்னம்மாக்காரி அனுப்பினாள் என்பதுதான் கதை. என் வாயில் வரவில்லை. ஏற்கெனவே என்னைக் கண்டு மிரளுகிற பிள்ளைக்கு நானே எப்படி அதைச் சொல்வேன்? “பக்கத்து ஊட்டுக்காரி அனுப்பிச்சாளுங்க” என்றேன். ம் நின்றுவிட்டது. நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மயிலைக் கொண்டு வந்தேன், யானையைக் கொண்டு வந்தேன். ஊஹும். கடைசியில் சரசக்காதான், “ஏனம்மணி, அது சின்னம்மாக்காரியல்லோ? பக்கத்து ஊட்டுக்காரி சொன்னா எந்தப் புள்ளை காட்டுக்குப் போகும்?” என்று போட்டு உடைத்தாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சரி, ஆவது ஆகட்டும் என்று, “ஆமாங்க, சின்னம்மாக்காரிதானுங்க. பெரிய மூக்கு, கோணப் பல்லு. ‘பாலக்காட்டுக் கணவாய்க் காத்தை ஒரு சாக்குல புடிச்சுக் கட்டிக் கொண்டாந்தாத்தான் உனக்குச் சோறு’ன்னு அந்தப் புள்ளையை வெரட்டி உட்டுட்டா” என்றேன். என் குரல் எனக்கே பொல்லாததாகக் கேட்டது. சாக்குப் பக்கமிருந்து வந்தது பார் ஒரு ம்! களத்துக் காக்காய் எல்லாம் எழும்பிப் பறந்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. நீ பயந்துகொண்டிருந்தாய். அந்தப் பயத்துக்கு ஒரு மூக்கும் கோணப் பல்லும் வேண்டியிருந்தது. அது கதைக்குள் இருக்கும்வரை வீட்டுக்குள் வராது. நான் அதை மறைத்தால், இவள் எதையோ மறைக்கிறாளே என்றுதான் உனக்குத் தோன்றும். கதையின் முடிவில் சின்னம்மாக்காரியை என்ன செய்யலாம் என்று உன் முதுகைக் கேட்டேன். “கெணத்துல தள்ளிடலாமுங்க” என்று முதுகு சொன்னது. யோசிக்கவே இல்லை நீ! தள்ளிவிட்டேன். அப்புறம் தினமும் சாயங்காலம் நான் கிணற்றில் விழுந்தேன். தினமும் எழுந்து வந்து உனக்குத் தோசை சுட்டேன். நீ தோசையைத் தின்றுகொண்டே என் மூக்கைப் பார்ப்பாய். பெரிய மூக்கு இல்லை என்று ஒரு நாள் உனக்கே தெரிந்துவிட்டது போல. மெதுவாக என் பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தாய்.

அப்புறம் ராட்சசன் வந்தான். காற்றைப் பிடிக்கக் கணவாய்க்குப் போன பொண்ணின் எதிரில் ஆயிரம் கை உள்ள ராட்சசன். எங்கள் ஊரில் யாருமே மரியாதை இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை. அதனால் என் ராட்சசனுக்கும் வேறு மாதிரிப் பேசத் தெரியவில்லை. “ஏனுங் அம்மணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்களை நான் தின்னுபோடோணுமுங்க” என்றான். அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. “அதுக்கென்னங்க, தாராளமாத் தின்னுங்க. ஆனா கை கழுவாமயா சாப்புட உக்காருவீங்க?” என்றாள். ராட்சசனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “அட, ஆமாங்க. சித்த இருங்க, வாரேன்” என்று கை கழுவப் போனான். ஆயிரம் கை! ஒரு கையைக் கழுவி அடுத்த கைக்குப் போவதற்குள் முந்தின கையில் மண் ஒட்டிக்கொள்ளும். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சாக்கிலிருந்து உருண்டு கீழே விழுந்தாய். நாள் கணக்கில் அவன் கை கழுவினான். “இன்னைக்கு எந்தக் கைங்க?” என்று நீ பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் கேட்டுக்கொண்டு வருவாய்.

எனக்குத்தான் திக்கென்றது. எல்லாக் கையையும் கழுவி முடித்தால் அவன் அவளைத் தின்ன வேண்டும். இந்தக் கதை எனக்கு யாரும் சொன்னதல்ல, நானாக இழுத்துவிட்டது. முடிவு தெரியாது. கடைசிக் கை வந்த அன்று சமாளிக்க, “கடைசிக் கையை மட்டும் அவன் தொறக்கவே இல்லீங்க. கெட்டியா மூடியே வெச்சிருந்தான்” என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். அடுத்து என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டு, “உள்ள என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்று உன்னையே கேட்டேன். ஒரு கொப்பரையை எடுத்துத் தரையில் கீறிக்கொண்டே இருந்தாய். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாய். “அவங்கம்மா குடுத்த மிட்டாய்ங்க. தின்னாத் தீந்துபோயிருமுங்க. அதான் மூடி வெச்சிருக்கறான்.”

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கண் நிறைகிறது. சரசக்கா எழுந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய்விட்டாள். பாக்கியம் உனக்குக் கடைசியாக ஆஸ்பத்திரியில் வைத்து மிட்டாய்தான் கொடுத்தாளா, வேறு என்ன கொடுத்தாளோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை. “அப்ப அந்தக் கையைக் கழுவ வேண்டாமுங்க. அது அப்படியே இருக்கட்டும்” என்றேன். நீ நிமிர்ந்து பார்த்து, “அப்ப அவளைத் திங்க முடியாதல்லங்க? ஒரு கை கழுவலையே?” என்றாய். முடியவே முடியாது என்றேன். எப்பேர்ப்பட்ட முடிவு பார்! நான் ஒரு வாரம் மண்டையை உடைத்தும் வராதது, நீ கொடுத்தது. ராட்சசன் ஒரு கையை மூடியபடியே, மிச்சக் கைகளால் காற்றைச் சாக்கில் அமுக்கிக் கட்டி, அவளைத் தோளில் வைத்து ஊர் கொண்டுபோய் விட்டான். அங்கேயே காவலுக்கும் இருந்துவிட்டான். நான் வழக்கம்போலக் கிணற்றில் விழுந்தேன்.

நீ அன்றைக்கே என்னை அம்மா என்று கூப்பிட்டுவிடவில்லை. அதுவரை காத்திருந்தவள், நான் அப்புறம் காத்திருப்பதையே விட்டுவிட்டேன். ஏனுங்க என்றால் ஏனுங்க, அதிலும் நான்தானே இருக்கிறேன் என்று தோன்றியது. ஐப்பசியில் ஒருநாள் திடீரென்று மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. களம் நிறையக் கொப்பரை. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே பையோடு வந்துகொண்டிருந்த நீ அங்கிருந்தே கத்தினாய். “அம்மா! மழை வருதுங்க!” எல்லோரும் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், நான் மட்டும் கையில் கூடையோடு அப்படியே நிற்கிறேன். என் பங்குக் கொப்பரை முழுசும் நனைந்தது. களத்துக்காரர் திட்டு திட்டென்று திட்டினார். ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. நீயும் நனைந்தாய், இருமினாய், உங்கப்பாவிடம் அதற்கும் சேர்த்து நான் திட்டு வாங்கினேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீயும் ரெஜினாவும் ஆனைமலைக்கு என் அண்ணன் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனீர்கள். இனியா மறுபடி உன்னோடு காரில் வர மாட்டேன் என்று என்னிடம் தங்கிவிட்டாள். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது எனக்குப் பழக்கமான முதுகு. வெங்காயத்துக்குச் சொல்கிற மாதிரி, “ஒரே ஒரு ஊருல” என்று ஆரம்பித்தேன். சின்னம்மாக்காரி வந்ததும் மெல்ல இந்தப் பக்கம் திரும்பி, “சின்னம்மான்னா யாரு ஆன்ட்டி?” என்றாள். அம்மா இல்லாத வீட்டுக்கு அம்மாவாக வருகிறவள் என்றேன். “உங்க ஊட்டுல யாராச்சும் இருக்காங்களா?” என்றாள். நான்தான் என்றேன். என் மூக்கைப் பார்த்தாள் கண்ணு, உன்னைப் போலவே! “நீங்க கெட்டவங்களா?” என்றாள். “கதையில மட்டும் ரொம்பக் கெட்டவ. கடைசியில கெணத்துல விழுந்துருவேன்” என்றேன். சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும், “அப்ப அவருக்கும் அம்மா செத்துப்போச்சா?” என்று கேட்டாள். “ஆமாம் கண்ணு, உன்னைவிடச் சின்னப் பையனா இருக்கறப்பவே” என்றேன். வந்து வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கதையை விட்ட இடத்தில் எடுத்தேன். “ம்” என்றாள்.

ராட்சசன் கை கழுவினான். அவளும் உருண்டு புரண்டு சிரித்தாள். கடைசிக் கையை அவன் மூடியே வைத்திருந்தான், உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். அவள் சொல்ல வாயைத் திறந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் உன் கார் ஹாரன். அவளுக்கு வாய் மூடிக்கொண்டது. கையும் மூடிக்கொண்டது. நான் உள்ளே என்ன என்று மறுபடி கேட்கவில்லை. “மீதிக் கதை அவருக்குத் தெரியும் கண்ணு. முடிவே அவரு சொன்னதுதான்” என்று மட்டும் சொன்னேன். நம்பாத மாதிரி உன்னைப் பார்த்துக்கொண்டே வந்து காரில் ஏறினாள். கோபமாம் கோபம்! அவள் பீளமேடு வரைக்கும் அந்தக் கையைப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறாள், நீ மீதியைச் சொல்வாய் என்று. நீயோ வழியில் முறுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

ஆகவே இப்படிச் செய். அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்து அலமாரியில் வை. அவளுக்கு நேராக உட்காராதே, கொஞ்சம் தள்ளி உட்கார். துணி மடி, ஷூ துடை, கைக்கு ஏதாவது வேலை கொடு. ஆயிரம் கை ராட்சசனை ஆரம்பத்திலிருந்து சொல். சின்னம்மாக்காரிக்குப் பதில் அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்த பொல்லாத சித்தப்பன்தான் வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் வைத்துக்கொள். மீசையைப் பெரிதாக்கு. கிணற்றில் தள்ளச் சொன்னால் சந்தோஷமாக விழு. தண்ணீர் ஒன்றும் அவ்வளவு ஆழமில்லை, எனக்குத் தெரியும். கடைசிக் கை வந்ததும் நிறுத்திவிடு. அவளாக உள்ளே இருப்பதைச் சொன்னால் கேட்டுக்கொள். சொல்லாவிட்டால், “அது அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மேலே போ. அவள் அப்பா கொடுத்தது எதுவோ அதற்குள் இருக்கிறது. அதைத் திறக்கிற வேலை உனக்கு இல்லை. மிச்சம் எத்தனை கை இருக்கிறது, அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ரோடு கடந்தால் போதாதா? உன்னை அவள் ஏனுங்க என்று கூப்பிட்டாலும் சரி, அந்தாளு என்று கூப்பிட்டாலும் சரி, திரும்பிப் பார்.

உன்னுடைய மிட்டாய்க் கை இன்னும் மூடித்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும் சாமி. அதனால் எனக்கு ஒரு நாளும் குறை வந்ததில்லை. கல்யாணத்தன்று பாக்கியத்தின் படத்துக்கு முதலில் மாலை போடு, அப்புறம் வந்து என் காலில் விழு. முதுகு வலிக்கிறது என்று அரைகுறையாகக் குனியாதே, ஊரே பார்க்கும்.

சரி, ஆரம்பி. “ஒரே ஒரு ஊருல” என்று நீ சொன்னதும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் பயந்துவிடாதே. சொல்லிக்கொண்டே இரு. அந்தப் பக்கமிருந்து வருகிற வரைக்கும் இங்கே நான் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

ம்.

இங்ஙனம்,
கிணற்றிலிருந்து எழுந்து வந்து தோசை சுட்ட
உன் அம்மா